பின்வாசல் செல்ல மறுத்த மனிதர்

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் பங்குகளில் உண்டு. அவர்கள் அஞ்சுவதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஆயினும், இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, திரைப்படத்தையும் மனித அறிவு கண்ட வியத்தகு கருவிகளுள் ஒன்றாகவே மதித்தது. கருவி நன்றா தீதா என்பது, அதனைக் கையாளும் மனிதரைப் பொறுத்தது.

அதே 1963இல், அமெரிக்காவில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு சிறு படம் திரைக்கு வந்தது. பாலைநிலத்தில் வாழும் ஐந்து அருட்கன்னியருக்கு, வழிப்போக்கனாக வந்த ஒரு கறுப்பினத் தொழிலாளி சிற்றாலயம் ஒன்று கட்டிக்கொடுப்பதே அதன் கதை. அத்தொழிலாளியாக நடித்தவர் சிட்னி பாய்ட்டியர். அந்நடிப்புக்காக 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு அளிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன், 1940இல், துணை நடிகைக்கான பரிசைப் பெற்ற ஹாட்டி மெக்டானியல் என்ற கறுப்பினப் பெண்மணி, தம் படத்தில் நடித்த ஏனையோருடன் அமர இயலாமல், சுவரோரம் இடப்பட்ட தனி மேசையில் உட்கார வேண்டியிருந்தது. இதை நினைவிற்கொண்டால், பாய்ட்டியர் மேடையேறிய அந்தச் சில அடிகள் எத்துணை நீண்ட பயணம் என்பது விளங்கும்.

அப்பயணத்தை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நன்று என்று கருதுகிறோம்.

தக்காளி விற்கச் சென்ற இடத்தில்

பஹாமாஸ் தீவுக் கூட்டத்தில் கேட் தீவு என்றொரு தீவு உண்டு. அங்கே ரெஜினால்டு, ஈவ்லின் என்ற தம்பதியர் தக்காளி பயிரிட்டு வாழ்ந்தனர். விளைந்த தக்காளியை விற்பதற்காக அமெரிக்காவின் மியாமி நகருக்கு அவர்கள் சென்றிருந்தபோது, 1927 பிப்ரவரி 20 அன்று, உரிய காலத்துக்கு இரண்டு மாதங்களுக்கும் மேல் முன்னதாக அவர்களுடைய கடைசிப் பிள்ளை பிறந்தது. பிழைக்காது என்றே யாவரும் எண்ணினர். தந்தையார் குழந்தையை அடக்கம் செய்வதற்கென்று ஒரு காலணிப் பெட்டியையும் வாங்கி வந்துவிட்டார். தாய் மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. குழந்தை பிழைத்தது. அந்தக் காலணிப் பெட்டியைப் பற்றிப் பாய்ட்டியர் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கேட் தீவில் மின்விளக்கு இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. மோட்டார் வண்டி இல்லை. வறுமை இருந்தது, ஆனால் தாழ்வு இல்லை. அத்தீவில் வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே. ஆகையால் தன் தோலின் நிறத்தை எண்ணி வெட்கப்பட வேண்டும் என்பதே அச்சிறுவனுக்குத் தெரியாது. பத்தாம் வயதில் குடும்பம் நாசோ நகருக்குக் குடிபெயர்ந்த பிறகே அவன் மோட்டார் வண்டியையும் மின்விளக்கையும் திரைப்படத்தையும் கண்டான். பள்ளிப் படிப்போ ஓரிரு ஆண்டுகளில் முடிந்துபோயிற்று.

பிள்ளை நகரத்தில் தீய வழியில் சென்றுவிடுவானோ என்று அஞ்சிய தந்தை, 15ஆம் வயதில் அவனை மியாமியில் வாழ்ந்த மூத்த மகனிடம் அனுப்பிவைத்தார்.

பின்வாசல்

மியாமியில் மருந்துக்கடையொன்றில், வீடுகளுக்குப் பொருள் கொண்டுசேர்க்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் வெள்ளையர் வாழும் பகுதியில் ஒரு வீட்டின் முன்வாசல் மணியை அடித்தான். கதவைத் திறந்த பெண்மணி, பின்வாசலுக்குப் போகுமாறு கடிந்துரைத்தார். சிறுவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பொருளைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் எதிரில் நிற்கும்போது, எதற்காக வீட்டைச் சுற்றிப் போக வேண்டும்? கதவு அறைந்து சாத்தப்பட்டது. பொட்டலத்தை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினான். ஓரிரு நாள் கழித்து வீடு திரும்பியபோது, அண்ணன் குடும்பத்தார் விளக்கை அணைத்துவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தனர். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் வன்முறைக் கூட்டத்தார் அவனைத் தேடி வந்து சென்றிருந்தனர்.

தன்னை மனிதனாக வளர்த்த தீவு ஒருபுறம். தன்னை மனிதனாகவே கருதாத ஊர் மறுபுறம். இவ்விரண்டில் எது சொல்வது மெய் என்று முடிவு செய்ய வேண்டிய நிலை 15 வயதுச் சிறுவனுக்கு ஏற்பட்டது. தீவு கற்பித்ததே மெய் என்று அவன் முடிவு செய்தான். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் இம்முடிவின் விளைவே என்று நாம் துணிந்து கூறலாம்.

தட்டுக் கழுவியவர் படித்த பாடம்

நியூயார்க் நகரில் உணவு விடுதிகளில் தட்டுக் கழுவினார். பேருந்து நிலையத்தில் படுத்துறங்கினார். வயதைக் கூட்டிச் சொல்லி இராணுவத்தில் சேர்ந்து சிறிது காலம் பணியாற்றி வெளியேறினார். மீண்டும் தட்டுக் கழுவும் வேலையைத் தேடிச் செய்தித்தாளைப் புரட்டியபோது, நடிகர்கள் தேவை என்ற விளம்பரம் கண்ணிற்பட்டது. அமெரிக்க நீக்ரோ நாடக அரங்கு என்ற குழு அதனைக் கொடுத்திருந்தது. சென்றார். எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் தடுமாறினார். தீவு மக்களின் உச்சரிப்போ நாடகத்துக்குப் பொருந்தவில்லை. குழுவை நடத்தியவர் அவரை வாசல் வரை இழுத்துச் சென்று, பிறர் நேரத்தை வீணாக்காமல் தட்டுக் கழுவும் வேலைக்குப் போ என்று துரத்திவிட்டார்.

அவர் தட்டுக் கழுவுகிறவர் என்பது அம்மனிதருக்குத் தெரியாது. ஏதும் அறியாதவரும் பார்த்தவுடனே சொல்லக்கூடிய அளவுக்கு நம் வாழ்வு அதற்குள் அடங்கிவிட்டதோ என்ற எண்ணம் பாய்ட்டியரைச் சுட்டது. ஒரு வானொலிப் பெட்டியை வாங்கி, அறிவிப்பாளர் பேசப் பேச ஒவ்வொரு சொல்லையும் தாமும் திரும்பச் சொல்லிப் பழகினார்.

படிப்புக்கு வழி காட்டியவர் வேறொருவர். பாய்ட்டியர் வேலை செய்த உணவு விடுதியில் யூதரான முதியவர் ஒருவர் பரிமாறுபவராக இருந்தார். செய்தித்தாளில் என்ன விசேஷம் என்று பாய்ட்டியர் கேட்டதில்லை, கேட்டவர் அப்பெரியவரே. எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியாது என்றார் இளைஞர். அன்றுமுதல் ஒவ்வோர் இரவும், வேலை முடிந்து மற்றவர்கள் ஓய்ந்திருக்கும் வேளையில், அப்பெரியவர் அவர் அருகே அமர்ந்து செய்தித்தாளைச் சொல் சொல்லாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். நிறுத்தற்குறி எதற்கு, உச்சரிப்பு எப்படி, பொருள் என்ன என்று பொறுமையோடு விளக்கினார். கைம்மாறு எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. பிற்காலத்தில் புகழ் பெற்றபின் பாய்ட்டியர் அவரைத் தேடினார், கண்டுபிடிக்க இயலவில்லை. நன்றி சொல்ல முடியாமற்போன அந்த ஏக்கத்தை, தம் 80ஆம் வயதைக் கடந்த பின்னரும் கண்ணீரோடு அவர் கூறினார்.

சில மாதங்களில் அதே நாடகக் குழுவுக்குத் திரும்பினார். கூலி வேண்டாம், கூட்டிப் பெருக்குகிறேன், பயிற்சி மட்டும் தாருங்கள் என்று கேட்டுச் சேர்ந்தார். முதன்மை வேடத்துக்குரிய ஹாரி பெலஃபான்டே ஒருநாள் வர இயலாதபோது, மாற்று நடிகராக மேடையேறினார். அதைக் கண்ட இயக்குநர் ஒருவர், 1946இல் பிராட்வே நாடகமொன்றில் வாய்ப்பளித்தார். 1950இல் வெளிவந்த 'நோ வே அவுட்' என்ற படத்தில் மருத்துவராக நடித்தார். கறுப்பினத்தவர் என்றால் வேலைக்காரர், கோமாளி என்றே படங்கள் காட்டிவந்த காலம் அது. அப்படத்தைப் பஹாமாஸ் காலனி ஆட்சி தடை செய்தது. தீவு மக்கள் திரண்டெழுந்து எதிர்த்ததன் பேரில் தடை நீங்கியது. அடுத்து, ஆலன் பேட்டனின் புதினத்தைத் தழுவிய 'கிரை, த பிலவெட் கன்ட்ரி' படத்தில், தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆங்கிலிக்கன் குருவாக நடித்தார். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட அந்நாட்டில் நுழைவதற்காக, இயக்குநரின் ஒப்பந்தக் கூலியாள் என்று அவரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. திரையில் குரு, சட்டத்தின் கண்ணில் கூலியாள்!

எழுபத்தைந்து டாலர்

பெற்றோர் சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று 1950களின் நடுப்பகுதியில் நடந்தது. படவாய்ப்புகள் குறைந்திருந்த வேளை. மனைவி இரண்டாம் குழந்தையைப் பெறவிருந்தார். மகப்பேற்று மருத்துவச் செலவு 75 டாலர். கையில் பணம் இல்லை. அப்போது ஒரு படத்தில் வாரம் 750 டாலர் ஊதியத்துக்கு வேடம் வந்தது. குற்றவாளிகளின் செயலைக் கண்டுவிட்ட ஒரு காவற்பணியாளர் வேடம். அவர் வாய் திறவாதிருக்கும்பொருட்டுக் கொலைகாரர்கள் அவருடைய சிறுமகளைக் கொன்று, வீட்டு வாசலில் எறிந்துவிடுகின்றனர். அப்போதும் அத்தந்தை ஒன்றும் செய்யாமல் அடங்கிக் கிடக்கிறார். கதை அவ்வளவே.

பாய்ட்டியர் மறுத்துவிட்டார். காரணம் கேட்டபோதும் சொல்லவில்லை. தம் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை அடகு வைத்து அந்த 75 டாலரைப் புரட்டினார். வேடத்தைக் கொண்டுவந்த முகவர் மார்ட்டின் பாம் வியந்துபோனார். பின்னர் ஒருநாள் அழைத்து, இவ்வளவு பித்துக்கொண்ட மனிதருக்கு நானே முகவராக இருக்க விரும்புகிறேன் என்றார். நெடுங்காலம் அவரே முகவராக இருந்தார்.

பாய்ட்டியர் மறுத்த காரணம் இதுதான்: தம் தந்தை ரெஜினால்டு, பிள்ளையின் பொருட்டு ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கமாட்டார். தந்தை என்பவர் எப்படிப்பட்டவர் என்று அந்தத் தக்காளி விவசாயி வாழ்ந்து காட்டியதற்கு மாறான பொய்யைத் திரையில் காட்ட மகன் இசையவில்லை. படியாத ஏழைத் தந்தையொருவர், ஆயிரம் மைலுக்கு அப்பால், தமக்குத் தெரியாமலேயே மகனுடைய மனச்சான்றில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து கன்னியரும் ஒரு தொழிலாளியும்

1958இல் வெளிவந்த 'த டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில், சங்கிலியால் வெள்ளையர் ஒருவரோடு பிணைக்கப்பட்ட கைதியாக நடித்துப் பெர்லின் விழாவில் வெள்ளிக்கரடிப் பரிசு பெற்றார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பட்டியலில் கறுப்பின ஆடவர் ஒருவரின் பெயர் முதன்முறையாக இடம்பெற்றதும் அப்படத்தாலேயே.

ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த 'லில்லீஸ் ஆஃப் த ஃபீல்ட்' தான் முதலில் நாம் குறிப்பிட்ட சிறு படம். இயக்குநர் ரால்ஃப் நெல்சன் தம் வீட்டையே ஈடு வைத்து அதனை எடுத்தார். படப்பிடிப்பு ஏறத்தாழ இரண்டே வாரத்தில் முடிந்தது. பாய்ட்டியர் தம் வழக்கமான ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, வருவாயில் பங்குக்கு இசைந்தார்.

ஹோமர் ஸ்மித் ஊர் ஊராகச் சென்று வேலை செய்பவர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். வண்டிக்குத் தண்ணீர் கேட்டு அரிசோனா பாலைநிலத்துப் பண்ணையொன்றில் நிறுத்துகிறார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த ஐந்து கன்னியர் அங்கே வறுமையில் வாடுகின்றனர். அவர்களுடைய தலைவி மரியா அன்னை, ஆண்டவர் அனுப்பிய ஆள் இவரே என்று அடித்துக் கூறுகிறார். கூரையைச் செப்பனிட்ட ஸ்மித் கூலி கேட்கிறார். உழைத்தவர் கூலிக்கு உரியவர் என்ற லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை அவர் எடுத்துக்காட்ட, அன்னையோ வயல்வெளி மலர்களைப் பற்றிய மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொல்கிறார்! இருவரும் நற்செய்தியைக்கொண்டே வழக்காடுகின்றனர். காலை உணவாக ஒரே ஒரு முட்டை அவர் தட்டில் விழும்போது அரங்கம் சிரிக்கிறது. நாமோ சிரித்துவிட்டுச் சிறிது வெட்கமும் கொள்ள வேண்டியவர்கள். இறைவனின் பணி என்று சொல்லி ஏழையின் கூலியை மறந்துவிடும் வழக்கம் பங்குத்தளங்களில் அறவே இல்லை என்று கூற நமக்குத் துணிவில்லை.

ஆலயம் கட்டத் தொடங்கிய ஸ்மித், ஒரு கல்லையும் பிறர் தொடக்கூடாது என்கிறார். தாமே தனியாகக் கட்டினேன் என்ற பெருமை வேண்டும் அவருக்கு. சுற்றுவட்டாரத்து மெக்சிகோ நாட்டு ஏழைகள் செங்கல்லோடு வந்து நிற்கின்றனர். இறைநம்பிக்கையில்லாத உணவுக்கடைக்காரரும், மறுமை என்று ஒன்று இருந்துவிட்டால் உதவுமே என்று சொல்லிச் செங்கல் தருகிறார். பெரிய ஆலயமொன்றில் பணியாற்றும் கனவு கலைந்து, வழியோரத்தில் திருப்பலி நிறைவேற்றி மனம் கசந்திருந்த குருவுக்கும் கண் திறக்கிறது. இறுதியில் ஸ்மித் தம் பெருமையை விட்டுக்கொடுக்கிறார், ஆலயம் எல்லாருடையதாகிறது. கோபுரத்தின் உச்சியில் சிலுவையை நட்டுவிட்டு, யாரும் காணாதபடி ஈரச் சாந்தில் தம் பெயரைப் பொறிக்கிறார். அன்றிரவு கன்னியருக்குத் தாம் கற்றுக்கொடுத்த 'ஆமென்' பாடலைப் பாடிக்கொண்டே வெளியே நடந்து, வண்டியேறிச் சென்றுவிடுகிறார். உள்ளபடி பாய்ட்டியருக்குப் பாட வராது. பின்னணியில் பாடியவர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன்.

இப்படத்துக்குப் பெர்லினில் அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசும், பாய்ட்டியருக்கு இரண்டாம் வெள்ளிக்கரடியும் கிடைத்தன. கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய திருச்சங்க விதித்தொகுப்பு 1964 நவம்பரில்தான் வந்தது. பாப்டிஸ்ட் சபையினர் ஒருவர் கத்தோலிக்க ஆலயத்தின் கோபுரத்தில் சிலுவை நடும் காட்சியை அதற்கு முன்பே மக்கள் கண்டுவிட்டனர்.

அறையும் மறு கன்னமும்

பரிசு பெற்ற அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த இளைஞர்களுக்கு 70,000 டாலரைப் பெலஃபான்டேயுடன் நேரிற் கொண்டுசென்று கொடுத்தார். அப்பணியிலிருந்த மூன்று இளைஞர்கள் அக்கோடையில் கொல்லப்பட்டிருந்தனர். விமானத்தளத்திலிருந்து செல்லும் வழியில் கிளான் கூட்டத்தாரின் வண்டிகள் இவர்களையும் துரத்தின.

1967இல் மூன்று படங்கள் வந்தன. 'டு சர், வித் லவ்' படத்தில் லண்டன் கிழக்குப் பகுதியில், அடங்காத பிள்ளைகளை மரியாதையால் வென்றெடுக்கும் ஆசிரியர். 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தில், வெள்ளையர் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பும் மருத்துவர். அமெரிக்காவில் 16 மாநிலங்களில் அத்தகைய திருமணத்தைத் தடுத்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியதும் அவ்வாண்டு ஜூன் மாதமே. மூன்றாவது 'இன் த ஹீட் ஆஃப் த நைட்'. அதில் அவர் காவல்துறைத் துப்பறிவாளர். செல்வந்தராகிய வெள்ளையர் ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைகிறார். அக்கணமே துப்பறிவாளர் திருப்பி அறைகிறார். அமெரிக்கத் திரையில் அதற்குமுன் அத்தகைய காட்சியை மக்கள் கண்டதில்லை.

மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன ஆண்டவரின் அடியார்களாகிய நாம் இதனை எங்ஙனம் கொள்வது? பழிக்குப் பழி அறமன்று, இதில் ஐயமில்லை. ஆயினும், தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் அறைந்தபோது, இயேசு பேசாமல் இருந்துவிடவில்லை என்பதையும் யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. ஏன் அடித்தாய் என்று அவர் காரணம் கேட்டார். பொறுமை வேறு; தன்னை மனிதன் அல்லன் என்று பிறர் சொல்வதற்குத் தலையாட்டுவது வேறு. அந்த வேறுபாட்டை அக்காட்சி நம் முன் வைக்கிறது.

அப்படத்துக்கு ஐந்து ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. பாய்ட்டியர் பெயரோ பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டதால், அவ்விழா இரண்டு நாள் தள்ளி நடந்தது.

இரு பக்கமும் ஏச்சு

அக்காலத்தில் தம் இனத்தாரே அவரைக் கடிந்தனர். அவர் ஏற்ற மனிதர்கள் கோபம் அறியாதவர்கள், குறையற்றவர்கள், வெள்ளையர் மனம் நோகாதபடி செதுக்கப்பட்ட பொம்மைகள் என்று கறுப்பின நாடக ஆசிரியரொருவர் 1967இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். அதில் நியாயமும் உண்டு. குறையே இல்லாதவராக இருந்தால்தான் மதிப்போம் என்பதும் ஒருவகை இழிவுபடுத்தலே. ஆனால் அக்குறை எழுதிக்கொடுத்தவர்களைச் சேருமேயன்றி, பல ஆண்டுகள் ஒற்றையாளாக ஓர் இனத்தின் சுமையைச் சுமந்த நடிகரை மட்டும் சாராது.

அவர் வாதாடிக்கொண்டிராமல் வேறு வேலையில் இறங்கினார். 1972 முதல் படங்களை இயக்கினார். கறுப்பினக் கலைஞர் பலருக்குத் திரைக்கு முன்னும் பின்னும் வேலை கொடுத்தார். அவர் இயக்கிய 'ஸ்டர் கிரேசி' என்ற நகைச்சுவைப் படம் 1980இல் வெளிவந்து, பத்துக் கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

குறையற்ற மனிதர் என்று நாமும் அவரைச் சித்திரிக்க விரும்பவில்லை. முதல் திருமணம் 1965இல் முறிந்தது. 1976இல் மறுமணம் செய்துகொண்டார். தம் தவறுகளையும், அவற்றால் மனைவியும் மக்களும் அடைந்த துன்பத்தையும் தம் நூல்களில் மறைக்காமல் எழுதியுள்ளார். 

1997 முதல் 2007 வரை ஜப்பானுக்குப் பஹாமாஸ் நாட்டின் தூதராகப் பணியாற்றினார். 2002 மார்ச் 24 அன்று அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் வழங்கப்பட்ட அதே இரவில், டென்சல் வாஷிங்டன் சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றார். முதல் கறுப்பினத்தவருக்குப் பின் இரண்டாமவர் வர 38 ஆண்டுகள் ஆயின! 2009இல் குடியரசுத் தலைவர் ஒபாமா நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதை அணிவித்தார். 2022 ஜனவரி 6 அன்று, 94ஆம் வயதில் பாய்ட்டியர் காலமானார்.

நம் இல்லங்களுக்கு

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளைகளுக்குச் சொத்து வைக்க இயலவில்லையே என்று வருந்துவோர் நம்மிடையே பலர். கேட் தீவு விவசாயியும் சொத்து வைக்கவில்லை. ஆனால், வாரம் 750 டாலர் எதிரில் இருந்தபோது, என் தந்தை இப்படிச் செய்திருக்கமாட்டார் என்று சொல்லும் மகனை விட்டுச் சென்றார். வீட்டில் நாம் பேசும் பேச்சையும், அநீதியின் முன் நாம் நிற்கும் நிலையையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த முதிய யூதரையும் மறவாதிருப்போம். நம் வீட்டிலும் கடையிலும் வேலை செய்யும் பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா என்று நாம் கேட்டதுண்டா? வேலை முடிந்தபின் அரைமணி நேரம் அருகே அமர்ந்து கற்றுக்கொடுக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம் வாசலுக்குப் பொருள் கொண்டுவரும் இளைஞரை எந்த வாசலில் நிறுத்துகிறோம், எந்தக் குவளையில் தண்ணீர் கொடுக்கிறோம் என்பதையும் இன்றே எண்ணிப் பார்ப்போம். ஆலயத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிவிட்டு, வீட்டில் மட்டும் பின்வாசல் வைத்திருப்பது நமக்குத் தகாது.